மூன்று கறுப்புக் கம்பிகள்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சிவசங்கர் ஒரு திருடன். மெஷினை விற்கும்போது போர்டையும் சேர்த்துத்தான் கொடுத்தான்; ஆனால் போர்டிலிருந்த ஐ.சி. சில்லுகளின் எண்களை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து எடுத்துவிட்டுக் கொடுத்தான். முனைகளின் பக்கத்தில் அச்சடித்திருந்த எழுத்துகளையும் விடவில்லை. மொட்டைப் பலகை.

மெஷின் பியூலாவுடையது. பம்ப் கம்பெனியில் நான் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் வைண்டிங், அவள் சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச். ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று ஒரே காலையில் இருவரையும் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். நான் வீட்டில் படுத்தேன். அவள் பி.எஃப். பணத்தைப் போட்டு, மரத்தில் எழுத்துச் செதுக்கும் சி.என்.சி. மெஷின் ஒன்றைப் பழசாக வாங்கினாள். கணபதியில் ஒரு மாவு மில்லுக்கு மேலே அறை. கீழே மிளகாய் அரைத்தால் மேலே தும்மல்.

இரும்புச் சட்டம், அதன் மேல் எல்லாப் பக்கமும் நகரும் ஒரு தலை, தலையில் ஒரு மோட்டார், மோட்டார் நுனியில் வெட்டும் பிட். லேப்டாப்பில் எழுத்தை வரைந்தால் தலை அதே கோட்டில் போகிறது. ஆனால் மோட்டார் சுற்றமாட்டேன் என்கிறது. மோட்டாரின் வேகத்தைக் கவனிக்க வேண்டிய போர்டுதான் இந்த மொட்டைப் பலகை.

சரவணம்பட்டிப் பக்கம் புதுக் காலனி ஒன்றில் செப்டம்பர் 4, ஆவணி முகூர்த்தத்தில் எல்லா வீட்டுக்கும் ஒன்றாகப் பால் காய்ச்சுகிறார்களாம். ஒவ்வொரு வாசலுக்கும் தேக்குப் பெயர்ப்பலகை. ஆர்டர் அவளுக்கு.

"இத முடிச்சிட்டா நான் இங்க இருப்பேன். முடிக்கலன்னா நாசரேத்துக்கு பஸ் ஏறணும். எங்கண்ணன் ஒரு வாத்தியாரப் பாத்து வச்சிருக்கான்," என்றாள்.

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"நீதான மோட்டார் படிச்சவன். வந்து பாரு."

எனக்கென்ன வந்தது. சும்மா இருக்கிறேன், போய்ப் பார்க்கிறேன். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பீளமேட்டில் சிவசங்கரின் பயிற்சி நிலையம். கண்ணாடிக் கதவு, ஏ.சி., சுவரில் ராக்கெட் படம். ஆறாவது படிக்கும் பிள்ளைகள் பிளாஸ்டிக் ரோபோவுக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பன்மார் காருக்குள் காத்திருந்தார்கள். இந்தப் பிள்ளைகளில் ஒன்றுதான் நாளைக்கு எனக்கு ஹெச்.ஆர். ஆக வந்து உட்காரும்.

"ஏனுங் சார், போர்டுல நெம்பரே இல்லீங்களே?"

"நம்ம சொந்த டிசைன் தம்பி. காப்பி அடிச்சிருவாங்கல்ல?"

"ஜிம்முல ஓடற ட்ரெட்மில்லுல இருந்து பேத்த போர்டுங்க அது. மோட்டார் தண்டுல பெல்ட் ஓடுன தடம் அப்படியே இருக்குதுங்."

சிரித்தான். பல்லுக்குக் கிளிப் போட்டிருக்கிறான், இந்த வயதில்.

"கத்துக்கோணும்னா வாங்க. சனி ஞாயிறு ஒரு பேட்ச் ஓடுது. வயரிங் டயக்ராம் அதுல ஒரு செஷன். உங்களுக்காகப் பாத்துப் போட்டுக்கலாம்."

"நீங்க வித்த மெஷின ஓட்டறதுக்கு உங்ககிட்டயே ஃபீஸ் கட்டோணுமாக்கும்?"

"நாலெட்ஜுக்கு வெல இருக்கு தம்பி."

தனக்குத் தெரிந்ததைப் பூட்டி வைத்துச் சாவியை விற்றுப் பிழைக்கிறவன் மனிதனே இல்லை. இதைப் பியூலாவிடமும் சொன்னேன். கைதட்டினாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சிறுவாணித் தண்ணீர் வந்தது. பிடித்து வைத்தேன். அம்மாவின் சர்க்கரை மாத்திரை வாங்கினேன். வேறொன்றுமில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

போர்டைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டேன். ஒரு பக்கம் வீட்டு மின்சாரம் உள்ளே வர இரண்டு முனை. மோட்டாருக்குப் போக இரண்டு. இன்னொரு மூலையில் சின்னதாக மூன்று முனைகள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு. இது வரைக்கும் எவனுக்கும் தெரியும். குமிழை நடுவில் வைத்து சுவிட்சைப் போட்டால் போர்டில் ஒரு பச்சை விளக்கு எரிகிறது, மோட்டார் பிணம் மாதிரி கிடக்கிறது.

இணையத்தில் தேடினேன். இதே போர்டு மாதிரி பத்துப் படங்கள், பத்துக்கும் பத்து விதமான விளக்கம். கேள்வி கேட்டவர்கள் எல்லாரும் கடைசியில் "சரியாகிவிட்டது, நன்றி" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். எப்படிச் சரியானது என்று ஒரு நாய்கூட எழுதவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

காந்திபுரம் போய் வயர் சுருள் வாங்கினேன். சிவப்பு, மஞ்சள், கறுப்பு. கடைக்காரன் மீதிச் சில்லறைக்கு மிட்டாய் கொடுத்தான். திருப்பிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஓடியது.

ஆத்திரத்தில் குமிழை அடிமட்டத்துக்குத் திருகிவிட்டு எழுந்தேன். திரும்ப வந்து ஏற்றினேன். உறுமிக்கொண்டு கிளம்பியது. சுவிட்சை அணைத்து மறுபடியும் பார்த்தேன். குமிழை முதலில் பூஜ்யத்துக்கு இறக்கிக் காட்ட வேண்டும். பிறகுதான் ஏற்ற வேண்டும். குனிந்து கும்பிட்டால்தான் உள்ளே விடும் போர்டு. சொந்த டிசைனாம்.

ட்ரெட்மில்லில் நிற்கும் கனவான் சுவிட்ச் போட்ட வேகத்தில் மல்லாக்க விழுந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. தொப்பை கரைக்கிறவன் விழாமலிருக்க எவ்வளவு அக்கறை! வைண்டிங்கில் என் பக்கத்தில் நின்றவனுக்கு விரல் போன அன்று அந்த மெஷினில் நிறுத்தும் பட்டனே வேலை செய்யவில்லை. அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று எழுதினார்கள்.

பியூலா கீழே மாவு மில்காரர் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அண்ணன் அனுப்பிய தூத்துக்குடி மக்ரூன் டப்பாவை அப்படியே என் முன்னால் வைத்தாள்.

"எல்லாத்தையும் தின்னு, இஞ்சினீயரே."

டிப்ளமோக்காரனை இஞ்சினீயர் என்பது நக்கல். தின்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

இன்று கண்டுபிடித்ததுதான் முக்கியமானது.

குமிழுக்குப் போகும் மூன்று முனைகளுக்கு நடுவே மீட்டர் வைத்தால் டார்ச் பேட்டரி மாதிரி கொஞ்சம்தான் காட்டுகிறது. சாது. பார்க்கிறவன் எவனும் கை வைப்பான். எதற்கோ சந்தேகம் வந்து அதில் ஒன்றை டெஸ்டரால் தொட்டேன். டெஸ்டர் விளக்கு பளிச்சென்று எரிந்தது. மின்கம்பத்திலிருந்து வருகிற கரண்ட் எந்தத் தடுப்பும் இல்லாமல் இந்தச் சின்ன முனைகளில் வந்து நிற்கிறது. ட்ரெட்மில்லில் குமிழ் பிளாஸ்டிக், அதனால் கரண்ட் இருப்பது யாருக்கும் தெரியாது. இதில் லேப்டாப்பையோ, அதன் சேதியை மெஷினுக்குக் கொண்டுபோகும் கார்டையோ நேராக மாட்டினால் லேப்டாப்பின் உடம்பு முழுக்கக் கரண்ட். தொட்டவன் கதி அவ்வளவுதான். மாட்டத்தான் வேண்டும் என்றால், சேதியை வெளிச்சமாக மாற்றி அந்தப் பக்கம் அனுப்பும் நாலு கால் ஐ.சி. ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். டீ விலைதான்.

மூன்றில் கரண்ட் வரும் முனை எது, திரும்பும் முனை எது, வேகத்தைச் சொல்லும் முனை எது என்பதையும் பார்த்துவிட்டேன். இங்கே எழுதப் போவதில்லை. நோட்டுப் புத்தகம் யார் கையிலும் சிக்கும்.

"என்னத்த அப்படி உத்துப் பாக்க?" என்றாள் பியூலா, சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்து.

"ஒண்ணுமில்ல."

ஆகஸ்ட் 11, திங்கள்

முதல் பலகை முடிந்தது. தேக்கில் பிட் இறங்கும்போது வரும் வாசனை பரவாயில்லை.

தமிழ் எழுத்தின் சுழிகளில்தான் தொல்லை. நேர்க்கோட்டில் ஓடுகிற வேகத்திலேயே சுழிக்குள் போனால் மரம் கருகுகிறது. முழுக்கக் குறைத்தால் பிய்த்துக்கொண்டு வருகிறது. அதனால் ஒரு ஆள் பக்கத்தில் நின்று எழுத்துக்கு எழுத்துக் குமிழைத் திருக வேண்டும். கை பழக வேண்டும். பியூலா திருகினாள், 'ழ' கருகியது. நான் திருகினேன், சுத்தமாக வந்தது.

"நீ இல்லன்னா இது நடக்காது போலயே," என்றாள்.

தினமும் போக வேண்டும் போலிருக்கிறது. என் நேரம் வீண்.

ஆகஸ்ட் 13, புதன்

வாடிக்கையாளர்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன். மனிதனுக்கு நாலு எழுத்து, அவன் சாதிக்கு ஏழு எழுத்து. பிட் தேய்வதெல்லாம் சாதிக்குத்தான். ஒருவன் தன் பெயரைவிட வால் பெரிதாக இருக்க வேண்டும் என்று குறிப்பே எழுதியிருக்கிறான்.

"சாதிய வெட்டாத. பேர மட்டும் வெட்டிக் குடு," என்றேன்.

"நீ வேணா வெட்டாம இரு. எனக்கு நாசரேத் பஸ் கண்ணுக்குள்ள நிக்கி."

வெட்டினோம். நான்தான் குமிழைத் திருகினேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காந்திபுரம் பக்கம் போனேன். அந்த நாலு கால் ஐ.சி. கிடைத்தது. வாங்கிப் பெட்டியில் போட்டு வைத்தேன். எப்போதாவது உதவும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பியூலா சர்ச்சுக்குப் போய்விட்டு நேரே வந்தாள். வெள்ளைச் சுடிதாரில் மரத்தூள். வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"யுவராஜ், இந்தக் குமிழு வேலைய லேப்டாப்பே பாத்துக்கிடாதா? எழுத்துக்குத் தக்கன வேகத்த அதுவே கூட்டிக் கொறைக்கும்லா? வீடியோல ஒருத்தன் செஞ்சிருக்கான்."

"அதெல்லாம் இதுக்கு ஒத்து வராது."

"ஏன் வராது?"

"வராதுன்னா வராது. ரகம் வேற."

"சரி, நீ சொன்னாச் சரிதான்," என்றாள்.

லேப்டாப் திருகினால் நான் எதற்கு?

இல்லை, அதற்காகச் சொல்லவில்லை. அவசர வேலையில் புதிதாக எதையும் மாட்டக் கூடாது. தொழில் தெரிந்த எவனும் இதைத்தான் சொல்வான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மரத்தூள் போர்டில் படிகிறது. மூன்று முனைகளின் மேலும் கறுப்புப் பசை ஊற்றி மூடினேன். ஆறினால் கல். குமிழுக்குப் போகும் கம்பிகளையும் மாற்றினேன். கையில் கறுப்பு வயர் மட்டும்தான் இருந்தது, மூன்றுக்கும் அதையே போட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

ஆஷிக் என்று ஒருத்தன் வந்திருக்கிறான். காலேஜில் கம்ப்யூட்டர் மூன்றாம் வருஷம். மாவு மில்காரரின் மகளோடு படிக்கிறானாம். பியூலாவை அக்கா என்கிறான், என்னை அண்ணா என்கிறான். கையில் எந்நேரமும் போன், முதுகில் பை, பையில் ஸ்டிக்கர். திருப்புளியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது.

"அண்ணா, ஏன் மூணும் கறுப்பா இருக்கு? கலர் கலரா போட்டா ஈஸில்ல?"

"வேல தெரிஞ்சவனுக்குக் கலர் வேண்டாம்."

"செம ணா," என்றான். கிண்டல் செய்கிறானா, உண்மையிலேயே மெச்சுகிறானா என்று தெரியவில்லை. இந்தத் தலைமுறையே அப்படித்தான். என்னைவிட நாலு வயது சின்னவன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அரசூர் ஃபவுண்ட்ரி ஒன்றில் மெயின்டனன்ஸ் வேலைக்குக் கூப்பிட்டார்கள். நிரந்தரம். திங்களே சேர வேண்டுமாம். முடியாது என்றேன்.

அம்மா தட்டை நகர்த்திவிட்டாள். "பேர்ப்பலகைக்கு நட்டு முடுக்கறதுக்காடா உன்னயப் படிக்க வெச்சேன்?"

அவர்களும் ஒரு வருஷத்தில் கேட்டுக்கு வெளியே நிறுத்துவார்கள். எல்லா ஃபவுண்ட்ரியும் ஒன்றுதான். தவிர, பலகை பாதிதான் முடிந்திருக்கிறது. நான் போய்விட்டால் மெஷின் நிற்கும்.

ஆகஸ்ட் 25, திங்கள்

சண்டை.

நாள் போதவில்லை. இந்த வேகத்தில் போனால் முகூர்த்தத்துக்குள் முடியாது. ஆஷிக் தன் மீட்டரை எடுத்துக் குமிழ்ப் பக்கம் வைத்துப் பார்த்திருக்கிறான். "அக்கா, சும்மா பேட்டரி வோல்டேஜ்தான். கார்டுல நேரா குடுத்தரலாம். ரெண்டு மெஷின் வேலைய ஒண்ணு பாக்கும்."

"தம்பி, வீடியோ பாத்து வண்டி ஓட்டாத," என்றேன்.

"ஏன் கூடாதுன்னு சொல்லுங்கணா, கேட்டுக்கறேன்."

"சொன்னாப் புரியற ஆளா நீ?"

பியூலா நடுவில் வந்தாள். "எனக்குப் புரியும், எனக்குச் சொல்லு. பத்து நாளுகூட இல்ல. நீ ஒருத்தன் நின்னு திருகி எப்ப முடிக்கதுக்கு?"

"ஒத்து வராதுன்னு அன்னிக்கே சொல்லியாச்சு."

"ஒத்து வராதுன்னா என்ன? ஓடாதா? கெட்டுப் போவுமா? அதையாவது சொல்லேன்."

"அவனையே கேட்டுக்க. பெரிய இஞ்சினீயரு."

வந்துவிட்டேன். டூல் பெட்டியைக்கூட எடுக்கவில்லை. நாளைக்குக் காலையில் 'ழ' கருகும். தானாகப் போன் வரும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

போன் வரவில்லை. சார்ஜ் முழுசாக இருக்கிறது.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. தெருமுனையில் கட்சிக்காரன் பந்தல் போட்டிருக்கிறான். பிள்ளையாரைவிட அவன் படம் பெரிது. அம்மா சுண்டல் செய்தாள். பியூலாவுக்கு ஒரு டப்பாவில் கொடுத்து அனுப்பட்டுமா என்றாள். தேவையில்லை என்றேன்.

போகலாமா என்று நினைத்தேன். பசையை உடைக்க எவனுக்கும் துணிச்சல் வராது. போகவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

பசையை உடைக்கவில்லை. குமிழ்ப் பக்கமாகவே மூன்று கம்பிகளையும் வெட்டி கார்டில் சேர்த்திருக்கிறான் அந்த முட்டாள்.

மதியம் போன் செய்தான். பேச்சு வரவில்லை, அழுகிறான். லேப்டாப்பை மடியில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை எர்த் கொடுத்த இரும்புச் சட்டத்தின் மேல் ஊன்றிக் குனிந்திருக்கிறாள் பியூலா. இவன் சுவிட்சைப் போட்டிருக்கிறான். அவளால் கையை எடுக்க முடியவில்லை. இவன் பதறிச் சுவிட்சை அணைப்பதற்குள் லேப்டாப் சட்டத்தின் மேல் சரிந்து தீப்பொறி பறந்து கருகிவிட்டது. அவள் சுவரில் போய் விழுந்தாள்.

உயிர் இருக்கிறது. வலது கையில் மூன்று விரல் வெந்திருக்கிறது. இதயத் துடிப்பைப் பார்ப்பதற்காக ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் சிவசங்கர். முனைகளின் பெயரை அவன் தேய்க்காமல் விட்டிருந்தால் எவனுக்கும் தெரிந்திருக்கும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஆஸ்பத்திரி. காரிடாரில் எழுந்து நிற்க முடியாத கிழவர் ஒருவரை மூன்று கவுன்டருக்கு அலைய வைத்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் போட்டேன். செக்யூரிட்டி வந்தான். அந்தச் சந்தடியில் கொஞ்ச நேரம் போனது. பிறகுதான் வார்டுக்குள் போனேன்.

பியூலா தலையணையில் சாய்ந்திருந்தாள். கையில் கட்டு. அண்ணன் ஜெபராஜ் நாசரேத்திலிருந்து கிளம்பிவிட்டானாம்.

"அப்பவே சொன்னேன்ல, ஒத்து வராதுன்னு," என்றேன்.

அவள் கட்டுப் போட்ட கையைப் போர்வைக்கு மேலே எடுத்து வைத்தாள்.

"ஒத்து வராதுன்னு சொன்ன. கொன்னுரும்னு சொன்னியா?"

நர்ஸ் ஊசியோடு வந்தாள். வெளியே வந்துவிட்டேன். அவளுக்கு வாங்கிப்போன ஆரஞ்சுப் பழப் பை கையிலேயே இருந்தது. அந்தக் கிழவரிடம் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

டூல் பெட்டியை எடுக்கப் போனேன். பியூலா அங்கே இருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மெஷினுக்கு வந்திருக்கிறாள். ஜெபராஜ் கதவருகே நாற்காலியில் உட்கார்ந்து பஸ் நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஆஷிக் மூலையில் மரத்தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தான்; என்னைப் பார்த்ததும் துடைப்பத்தோடு நின்றுவிட்டான்.

என் பெட்டி மேஜை மேல் திறந்து கிடந்தது. பக்கத்தில் வரிசையாக வைத்திருந்தாள்: சிவப்பு வயர் சுருள். மஞ்சள் வயர் சுருள். காகித உறையில் நாலு கால் ஐ.சி.

"கறுப்பு மட்டுந்தான் இருந்துச்சோ?" என்றாள்.

"பெட்டிய எதுக்குத் தொறந்த?"

"இந்தப் பூச்சி மாதிரி இருக்கதக் காட்டி ஆஷிக்குதான் சொன்னான். இத நடுவுல வச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதாம். இது எப்பவுல இருந்து பெட்டில கெடக்கு, யுவராஜ்?"

வாங்கி மாதக்கணக்காகவில்லை. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது.

"போர்டுக்கு ஒண்ணும் ஆகல. ஃப்யூஸ் மாத்துனா ஓடும்," என்றேன். "கம்பிய நான் மாட்டித் தர்றேன். நாளைக்கே வர்றேன். கூட நின்னு எல்லாப் பலகையும் முடிச்சுக் குடுத்தறேன்."

"நீ வர வேண்டாம்."

"அப்பறம் எப்படி ஓட்டுவ? மாத்தி மாட்டுனா குமிழ எறக்க எறக்க முழு வேகத்துக்கு ஏறும். பிட் ஒடஞ்சு மூஞ்சில அடிக்கும்."

"அதான். எது எதுன்னு எழுதிக் குடு."

மீந்த தேக்குத் துண்டு ஒன்றை என் பக்கம் தள்ளினாள். அதன் மேல் தச்சன் பென்சிலை இடது கையால் வைத்தாள்.

"எழுதுனாப் புரியாது. கையில பாத்துத்தான் பழகோணும்," என்றேன்.

ஜெபராஜ் எழுந்தான். "இவன்ட்ட என்னத்துக்கு கெஞ்சிக்கிட்டு? கெளம்பு பிள்ள. மெஷின வந்த வெலைக்குத் தள்ளிருவோம்."

"கெஞ்சல, கேக்கேன்," என்றாள். கண் என் மேல்தான் இருந்தது.

பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு வந்தேன். என்னைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். நான் இல்லாவிட்டால் அந்த மோட்டார் ஒரு சுற்றுகூடச் சுற்றியிருக்காது.

செப்டம்பர் 1, திங்கள்

சிவசங்கர் போன் செய்தான். ஆஷிக் அவனிடம் போய்க் கேட்டிருக்கிறான், டயக்ராம் தரவில்லையாம்.

"போர்டப் பூராக் கண்டுபிடிச்சிட்டீங்களாமே தம்பி? நெம்ப சந்தோஷம். வெளிய மட்டும் சொல்லிக்க வேண்டாம். நம்ம சனி ஞாயிறு பேட்ச எடுக்க ஒரு ஆள் தேடிட்டு இருக்கேன். உங்கள மாதிரி ஆள்தான் வேணும்."

வெட்கமே இல்லாத ஜென்மம். என்னைப் போய் அவன் மாதிரி ஆள் என்று நினைத்துவிட்டான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

தண்ணீர் வந்தது. பிடித்தேன்.

காலையில் பியூலாவிடமிருந்து ஒரு படம் வந்தது. அதே தேக்குத் துண்டு. இடது கையால் எழுதியிருக்கிறாள், கோணல்மாணலாக: ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே வெறும் இடம். ஆஷிக் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து, புது கார்டும் ஃப்யூஸும் மாட்டிவிட்டானாம். நாலு கால் ஐ.சி.யும் வாங்கியாகிவிட்டதாம். இன்று ஆரம்பித்தால் முகூர்த்தத்துக்குள் எப்படியும் முடித்துவிடலாமாம்.

மதியம் இன்னொன்று. ராத்திரி நாசரேத் பஸ்ஸுக்கு அண்ணன் இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறான் என்று.

அரிசி வாங்கப் போனேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். சிவசங்கருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

இப்போது மறுபடியும் போன் ஒலித்தது. எடுக்கவில்லை. நின்றதும் எழுத்தில் வந்தது:

"பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு. மூணே வார்த்த. எது எதுன்னு எழுதி அனுப்பு."